அந்தமானுக்கு ஒரு எக்ஸெல் ஷீட்

"நான் கடை வைத்திருக்கவில்லை. கணக்குப்பிள்ளையும் இல்லை. வீட்டுக்கு வாங்கிய கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருக்கிறது. அதை வைத்து நான் என்ன செய்வது?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. மாத பட்ஜெட் போடுங்கள், பால் கணக்கு எழுதுங்கள் என்று வழக்கமாகச் சொல்வோம். இரண்டு மாதம் எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். நானும் அப்படி நிறுத்தியவன்தான்.

எனவே இந்த மாதம் பால் கணக்கு வேண்டாம். அந்தமான் தீவுகளுக்கு ஒரு வாரச் சுற்றுலா போவதற்குத் திட்டம் போடலாம். எக்ஸெல்லில் தேதி எப்படி இயங்குகிறது என்பது இதிலேயே நன்றாகப் புரிந்துவிடும். எக்ஸெல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். கீழே சொல்லப்போவது ஏறக்குறைய எல்லாமே அதிலும் அப்படியே செயல்படும்.

முதலில், நான் எக்ஸெல் இல்லாமல் போய்விட்டு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

2019 ஜனவரியில் நான், மனைவி, மகள், என் அப்பா என நான்கு பேர் அந்தமான் சென்றோம். அப்பாவுக்கு அப்போது 71 வயது. பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் கரும்பலகையில் வண்டிச் சக்கரம் போல ஒரு படம் போட்டு, நடுவில் காவல் கோபுரம், சுற்றிலும் ஏழு கட்டடங்கள் என்று செல்லுலார் சிறையை மாணவர்களுக்கு விளக்கியவர். நேரில் பார்த்ததில்லை. இந்தப் பயணத்தில் அவர் கேட்டது அந்த ஒன்றைத்தான். கடற்கரையெல்லாம் உங்களுக்கு, எனக்குச் சிறையைக் காட்டினால் போதும் என்றார்.

நான் ஒரு டைரித் தாளில் திட்டம் எழுதினேன். சிறை போர்ட் பிளேர் நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று அதைக் கடைசி நாளுக்குத் தள்ளினேன். ஜனவரி 5 மாலை நீல் தீவிலிருந்து படகில் போர்ட் பிளேர். 6 காலை சிறை. 6 மதியம் சென்னைக்கு விமானம். தாளில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. அந்த வாரம்தான் பாபுக் புயல் தாய்லாந்தைக் கடந்து அந்தமான் கடலுக்குள் வந்தது. படகுகளை நிறுத்திவிட்டார்கள். நீல் தீவில் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. படகு ஓடத் தொடங்கியதும் கரை இறங்கி, புதிதாக எடுத்த நான்கு டிக்கெட்டுகளோடு நேராக விமான நிலையத்துக்கு ஓடினோம். பணம் போனதைக்கூட விடுங்கள். வழியில் ஆட்டோவுக்குள்ளிருந்து குனிந்து, "எந்தப் பக்கம்டா இருக்கு?" என்று அப்பா கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தீவுக்கும் ஊட்டிக்கும் என்ன வித்தியாசம்?

ஊட்டியில் ஒரு பஸ் போய்விட்டால் அடுத்த பஸ் உண்டு. அதுவும் இல்லையென்றால் டாக்ஸி. தீவில் அப்படி இல்லை. அந்தமான் நிகோபார் ஒன்றியப் பகுதியில் தீவுகள், திட்டுகள், பாறைகள் எல்லாம் சேர்த்து 836 என்று கணக்கு. இதில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் போவது சிலவற்றுக்குத்தான். தலைநகர் போர்ட் பிளேரில் இறங்கி, அங்கிருந்து ஹேவ்லாக், பிறகு நீல், மறுபடி தலைநகர் என்று ஒரு முக்கோணமாகச் சுற்றி வருவது பழக்கமான வழி. முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் கடல். அரசுப் படகும் உண்டு. தனியார் படகும் உண்டு. இரண்டரை மணி நேரம் வரை ஆகலாம். கடல் சரியில்லை என்றால் இரண்டும் போகாது. ஒரு படகு நின்றால், அதற்குப் பின்னால் வரும் படகு, ஓட்டல், விமானம் எல்லாம் வரிசையாகச் சரியும்.

டிசம்பரும் ஜனவரியும் சீசன் மாதங்களாயிற்றே என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2016 டிசம்பர் முதல் பாதியில், பிறகு வர்தா புயலாக மாறிச் சென்னை மரங்களைச் சாய்த்த அதே மழைமண்டலம், அதற்கு முன் அந்தமானில்தான் நின்றது. ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் அவர்களை மீட்டு வந்தன. பொதுவாக ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதியாக இருக்கும். நம் ஊரில் பள்ளி விடுமுறை என்று மே கடைசியில் புக் செய்துவிடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுவதற்கு முன்பே, மே மாதம் மூன்றாவது வாரம் வாக்கில் அந்தமானுக்கு வந்துவிடும்.

ஆக நமக்குத் தேவைப்படுவது ஒரு கேள்விக்குப் பதில்: ஒரு நாள் படகு இல்லையென்றால் என் திட்டம் என்ன ஆகும்? டைரித் தாள் இதற்குப் பதில் சொல்லாது. எக்ஸெல் சொல்லும்.

ஷீட்டை அமைக்கும் முன் ஒரு சோதனை

2025 பிப்ரவரியில் அப்பாவை மறுபடி அழைத்துப்போக முடிவு செய்தேன். அவருக்கு 77 வயதாகியிருந்தது. புது லேப்டாப்பில் எக்ஸெல்லைத் திறந்து, பிப்ரவரி 5 முதல் 12 வரை எட்டு நாட்களை வரிசையாக டைப் செய்தேன். 5/2/2025, 6/2/2025 என்று 12/2/2025 வரை. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. சும்மா பார்க்கலாமே என்று கடைசித் தேதியிலிருந்து முதல் தேதியைக் கழித்தேன். 7 என்று வர வேண்டும். 214 என்று வந்தது!

காரணம் இதுதான். என் லேப்டாப் அமெரிக்க அமைப்பில் இருந்தது. அங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள். எனவே 5/2 என்பதை அது மே 2 என்று எடுத்துக்கொண்டது. 6/2 என்றால் ஜூன் 2. 12/2 என்றால் டிசம்பர் 2. மே 2-லிருந்து டிசம்பர் 2 வரை 214 நாட்கள். கம்ப்யூட்டர் சரியாகத்தான் கழித்திருக்கிறது. இதே கோளாறு விமான டிக்கெட் எடுக்கும் இடத்தில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனவே முதல் வேலையாக ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, ரீஜன் என ஆங்கிலத்தில் டைப் செய்து, கிடைக்கும் ரீஜன் செட்டிங்ஸைத் திறக்கவும். பார்மட் என்ற இடத்தில் இங்லிஷ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுக்கவும். எக்ஸெல்லை மூடி மீண்டும் திறக்கவும். இப்போது ஏதேனும் ஒரு செல்லில் 13/2/2025 என டைப் செய்து என்டர் தட்டவும். அது செல்லின் வலது பக்கம் ஒட்டி நின்றால், எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்றுக்கொண்டது என்று பொருள். இடது பக்கம் ஒட்டி நின்றால் அது வெறும் எழுத்து. பதின்மூன்றாவது மாதம் என ஒன்று இல்லையே என்று கம்ப்யூட்டர் கைவிட்டுவிட்டது. இந்த வலது, இடது வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். செலவுக் கணக்கிலும் இது கைகொடுக்கும்.

கழித்தல் எப்படி நடக்கிறது என்று கேட்கலாம். எக்ஸெல்லுக்குத் தேதி என்பது ஓர் எண்தான். 1900 ஜனவரி 1-ஐ 1 என்று வைத்து எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 2025 பிப்ரவரி 5 என்பது 45693. திரையில் நமக்காகத்தான் அதைத் தேதி வேஷம் போட்டுக் காட்டுகிறது. ஒரு நாள் 1 என்றால், ஆறு மணி நேரம் 0.25. இது புரிந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இரண்டே தேதிகள்

இனி ஷீட். மேலே இடது ஓரத்தில் முதல் செல்லில் "போகும் விமானம்" என எழுதவும். அதற்குப் பக்கத்துச் செல்லில் தேதியை டைப் செய்யவும். அடுத்த வரிசையில் "திரும்பும் விமானம்". பக்கத்தில் அதன் தேதி. மூன்றாவது வரிசையில் "கையிருப்பு நாள்" என்று எழுதி, பக்கத்துச் செல்லை இப்போதைக்குக் காலியாக விடவும். இந்த ஷீட் முழுவதிலும் நாம் கையால் டைப் செய்யும் தேதிகள் இந்த இரண்டுதான். மற்ற எல்லாத் தேதிகளையும் எக்ஸெல்லே போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒரு வரிசை இடைவெளி விட்டு, ஐந்தாவது வரிசையில் தலைப்புகள்: தேதி, எங்கிருந்து, எங்கே, எதில், புறப்பாடு, சேருமிடம் அடையும் நேரம், அன்றைய வேலை, செலவு, புக் ஆகிவிட்டதா, ரத்து செய்தால் பணம் திரும்புமா. தங்குமிடத்தையும் சேர்க்கலாம், உங்கள் விருப்பம்.

தேதி என்ற தலைப்புக்குக் கீழே உள்ள செல்லில் = குறியை மட்டும் டைப் செய்யவும். பிறகு மவுசால் மேலே போகும் விமானத் தேதி இருக்கும் செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டவும். அதே தேதி இங்கே வந்து நிற்கும். அதற்குக் கீழ் செல்லில் = போட்டு, மேல் செல்லைக் கிளிக் செய்து, +1 என டைப் செய்து என்டர் தட்டவும். மறுநாள் தேதி கிடைக்கும். இந்தச் செல்லை மறுபடி கிளிக் செய்தால், அதன் வலது கீழ் மூலையில் ஒரு சின்னச் சதுரம் தெரியும். மவுஸின் முனையை அதன்மேல் கொண்டுபோனால் மெல்லிய கூட்டல் குறியாக மாறும். அழுத்திப் பிடித்துக் கீழே ஆறு செல்களுக்கு இழுத்துவிடவும். எட்டு நாட்களும் வந்துவிடும். செல்லின் பெயரை டைப் செய்ய வேண்டிய வேலையே இல்லை.

கிழமையும் வேண்டும். சில இடங்களுக்கு வார விடுமுறை உண்டு என்பதால் இது முக்கியம். தேதிகளைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் கீயுடன் 1 கீயை அழுத்தவும். பார்மட் செல்ஸ் விண்டோ கிடைக்கும். அதில் கஸ்டம் பிரிவைத் தேர்ந்தெடுக்கவும். டைப் என்ற கட்டத்தில் ஏற்கனவே இருக்கும் எழுத்துகளுக்குப் பின்னால் ஓர் இடைவெளி விட்டு, ஆங்கில எழுத்து டி-யை நான்கு முறை டைப் செய்து ஓகே கொடுக்கவும். தேதியோடு கிழமையும் முழுப் பெயரில் தெரியும். செல்லில் தேதிக்குப் பதிலாக வரிசையாக நம்பர் அடையாளங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். நெட்டு வரிசை குறுகலாக இருக்கிறது, அவ்வளவுதான். அகலப்படுத்தினால் சரியாகிவிடும்.

என் ஷீட் இப்படி அமைந்தது. 5 புதன் சென்னையிலிருந்து விமானம், மதியம் செல்லுலார் சிறை. இந்த முறை முதல் நாளே! சென்னையிலிருந்து இரண்டே கால் மணி நேரப் பயணம்தான். காலை விமானம் என்றால் மதியம் கையில் இருக்கிறது. 6 வியாழன் ஹேவ்லாக். 7 அங்கேயே. 8 சனி நீல். 9 அங்கேயே. 10 திங்கள் படகில் தலைநகர். 11 செவ்வாய், பக்கத்திலேயே இருக்கும் ராஸ் தீவு. 12 புதன் வீடு.

இப்போது "கையிருப்பு நாள்" செல்லுக்கு வாருங்கள். = போட்டு, திரும்பும் விமானத் தேதியைக் கிளிக் செய்யவும். மைனஸ் குறி போட்டு, கீழே தலைநகருக்குத் திரும்பும் படகின் தேதியை, அதாவது 10-ஆம் தேதிச் செல்லைக் கிளிக் செய்யவும். அதன் பின் -1 என டைப் செய்து என்டர் தட்டவும். விடை 1. படகுக்கும் விமானத்துக்கும் நடுவே முழுதாக ஒரு நாள் சும்மா இருக்கிறது என்று பொருள். சில சமயம் விடை 1900-ஆம் ஆண்டின் ஏதோ ஒரு தேதி போலத் தெரியும். பார்மட் செல்ஸ் விண்டோவில் ஜெனரல் என்பதைத் தேர்ந்தெடுத்தால் எண் வந்துவிடும்.

என் 2019 திட்டத்தையும் பக்கத்து ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். விமானம் 6, படகு 5. விடை பூஜ்யம்.

புயலை வரவழைப்போம்

ஷீட்டின் பயனே இனிமேல்தான். 9-ஆம் தேதிக்கும் 10-ஆம் தேதிக்கும் நடுவே ஒரு நாள் படகு ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். 10-ஆம் தேதி வரிசையின் எண் மீது மவுஸின் வலது பக்க பட்டனை அழுத்தி, இன்சர்ட் கொடுக்கவும். ஒரு காலி வரிசை நுழையும். அதில் "படகு இல்லை" என எழுதவும்.

இங்கே புதியவர்கள் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. காலி வரிசை நுழைந்தாலும், அதற்குக் கீழே உள்ள தேதி மாறாமல் 10 என்றே நிற்கும். ஏனென்றால் அது இன்னமும் 9-ஆம் தேதிச் செல்லைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. நடுவில் வந்தவனைக் கவனிக்கவில்லை. எனவே 9-ஆம் தேதிச் செல்லைக் கிளிக் செய்து, அந்தச் சின்னச் சதுரத்தைப் பிடித்துக் கடைசி வரை மறுபடி இழுத்துவிடவும். இப்போது படகு 11-க்குப் போகும். மேலே கையிருப்பு 0 ஆகும். விமானம் தப்பவில்லை, ராஸ் தீவுதான் போயிற்று. இன்னொரு வரிசையை நுழைத்தால் கையிருப்பு -1. மைனஸ் வந்துவிட்டால் விமானம் போய்விட்டது என்று பொருள். (பரிசோதனை முடிந்ததும் கண்ட்ரோல் மற்றும் இசட் கீகளை அழுத்தி ஒவ்வொன்றாகப் பின்வாங்கலாம். வரிசையை நேரடியாக நீக்கினால் கீழே உள்ள தேதிகள் #ரெஃப் என்று பிழை காட்டும். அப்போதும் மறுபடி இழுத்துவிடுவதுதான் வைத்தியம்.)

திரும்பும் விமானத் தேதியை ஏன் பார்முலாவாகப் போடாமல் கையால் டைப் செய்தோம் என்பது இப்போது புரிந்திருக்கும். பார்முலாவாக இருந்திருந்தால், படகு நகர நகர விமானமும் சமர்த்தாகப் பின்னாலேயே நகர்ந்திருக்கும். விமானக் கம்பெனிகள் அவ்வளவு சமர்த்து இல்லை.

கையிருப்பு நாளை ஹேவ்லாக்கில் செலவழித்தால் என்ன, அங்குதானே நல்ல கடற்கரை என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. ஷீட்டில் போட்டுக் காட்டினேன். ஹேவ்லாக்கில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கினால் படகு 11-க்குப் போகிறது, கையிருப்பு பூஜ்யமாகிறது. மிச்சம் பிடித்த நாள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தால் அதனால் பயனில்லை. விமான நிலையம் இருக்கும் தீவில் இருக்க வேண்டும். புயல் என்று வந்துவிட்டால் ஒரு நாள் போதாதுதான். 2019-ல் எனக்கு ஒரு நாள் கையிருப்பு இருந்திருந்தாலும் விமானம் போயிருக்கும். ஆனால் சிறை முதல் நாளில் இருந்திருந்தால் அது போயிருக்காது. எனவே வீட்டுப் பெரியவர்களோ குழந்தைகளோ இதுதான் முக்கியம் என்று சொல்லும் விஷயத்தை, கடல் தாண்டும் முன் முடித்துவிடும்படி வரிசையைப் போடுங்கள்.

கப்பலில் போக நினைப்பவர்களுக்கும் இந்த ஷீட் பொருந்தும். சென்னையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். மாதத்தில் சில பயணங்கள்தான் இருக்கும். தேதி தெரிந்தவுடன் போகும் தேதியை மாற்றினால், கீழே உள்ள நாட்கள் எல்லாம் தானாக மாறிவிடும்.

ஐம்பது நிமிடம்

2019-ல் நான் செய்த இன்னொரு தப்பு சின்னதுதான், ஆனால் வேடிக்கையானது. ஹேவ்லாக்கில் மேற்குக் கரையில் இருக்கும் ராதாநகர் கடற்கரையை, 2004-ல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. சூரியன் மறைவதைப் பார்க்க அங்கே போக வேண்டும். மெரினாவில் பார்த்த பழக்கத்தில், ஆறு மணி வாக்கில் போனால் சரியாக இருக்கும் என்று கிளம்பினோம். போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது.

இதற்கும் எக்ஸெல்லில் பதில் இருக்கிறது. போர்ட் பிளேரின் தீர்க்கரேகை 92.73 டிகிரி, சென்னைக்கு 80.27. இரண்டு செல்களில் டைப் செய்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, விடையை 4-ஆல் பெருக்குங்கள். (பெருக்கலுக்கு நட்சத்திரக் குறி.) பூமி ஒரு டிகிரி சுற்ற 4 நிமிடம் ஆகிறது என்பதால் இந்த 4. விடை 49.84. அதாவது அங்கே சூரியன் சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னதாக உதித்து, 50 நிமிடம் முன்னதாக மறைகிறது. ஆனால் கடிகாரம் இரண்டு ஊரிலும் ஒன்றுதான். எனவே காலை 5 மணிக்கு எழுந்து, வெளியில் பார்க்க வேண்டியதையெல்லாம் மாலை 5 மணிக்குள் முடிக்கும்படி நேரம் போடுங்கள்.

நீல் தீவில் கடலுக்குள் நிற்கும் இயற்கைப் பாறைப் பாலத்துக்குச் சூரியன் முக்கியமில்லை. கடல் வற்றியிருக்க வேண்டும். அந்த நேரமும் தினம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிக்கொண்டே போகும். (இது சந்திரனால் வரும் 50. முந்தையதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தங்கும் விடுதியில் கேட்டால் அன்றைய நேரத்தைச் சொல்லிவிடுவார்கள்.

ஒரே ஊருக்கு இரண்டு பெயர்

படகு டிக்கெட் தேடும்போது பலர் குழம்புவது இதில்தான். ஹேவ்லாக் தீவுக்கு ஸ்வராஜ் த்வீப் என்றும், நீல் தீவுக்கு ஷஹீத் த்வீப் என்றும், ராஸ் தீவுக்கு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப் என்றும் 2018 டிசம்பரில் பெயர் மாற்றினார்கள். போர்ட் பிளேர், 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் ஆனது. இன்டர்நெட்டில் ஓரிடத்தில் பழைய பெயரும் இன்னோரிடத்தில் புதிய பெயரும் இருக்கும். இன்னொரு ஷீட்டில் பழைய பெயர், புதிய பெயர் என்று இரண்டு வரிசையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் மனைவி ஸ்வராஜ் த்வீப்புக்கும் ஹேவ்லாக்குக்கும் தனித்தனியாக ஓட்டல் பார்த்துக்கொண்டிருந்தார்!

செலவு வரிசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அடியில் உள்ள செல்லைக் கிளிக் செய்து, ஆட்டோசம் பட்டனை அழுத்தி என்டர் தட்டினால் கூட்டல் வந்துவிடும். ஒரே எச்சரிக்கை: செல்லில் "4000 ரூபாய்" என்று எழுதாதீர்கள். 4000 என்று மட்டும் டைப் செய்யுங்கள். எழுத்து சேர்ந்தால் அது எண் இல்லை. இடது பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஆட்டோசம் அதைக் கூட்டாமல், நம்மிடம் சொல்லாமலும் தாண்டிப் போய்விடும். மொத்தம் குறைவாக வருகிறதே என்று மகிழ்ந்துவிட்டு ஊருக்குக் கிளம்பினால் அங்கே தெரியும். அதோடு, "ரத்து செய்தால் பணம் திரும்புமா" என்ற வரிசையில் ஆம், இல்லை என்று புக் செய்யும் அன்றே எழுதிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் பார்க்க மாட்டோம்.

இந்தியர்களுக்கு இந்தத் தீவுகளுக்குப் போகத் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் ஒவ்வொருவரும் புகைப்பட அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். டிக்கெட்டில் பெயர் அட்டையில் உள்ளபடியே இருக்கட்டும். நிகோபார் தீவுகளும் பழங்குடியினர் பகுதிகளும் வேறு. அங்கே அனுமதி இல்லாமல் போக முடியாது. பாராடாங் தீவின் சுண்ணாம்புக் குகைகளுக்குப் போகும் சாலை ஜாரவா மக்களின் காப்புப் பகுதி வழியே செல்கிறது. வாகனங்களைக் குறிப்பிட்ட நேரத்தில் கூட்டமாகத்தான் விடுவார்கள். வழியில் அந்த மக்களைப் படம் எடுப்பது குற்றம். விடியும் முன் எழுந்து புறப்பட வேண்டிய நீண்ட பயணம் அது; அப்பாவுக்காக நாங்கள் அதை விட்டுவிட்டோம். போகிறவர்களும் வேடிக்கை பார்க்கும் எண்ணத்தோடு போகாதீர்கள் என்பது என் கருத்து.

பிரிண்ட் எடுத்துவிடுங்கள்

மொபைலில்தான் பைல் இருக்கிறதே, பேப்பர் எதற்கு என்பீர்கள். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆப்டிகல் பைபர் கேபிள் போட்டு, 2020 ஆகஸ்டில் தொடங்கி வைத்தார்கள். அதற்கு முன் அங்கே இன்டர்நெட் என்பது சாட்டிலைட் வழியாக வரும் பொறுமைச் சோதனை. இப்போது பரவாயில்லை. ஆனாலும் படகுத்துறையில் வரிசையில் நிற்கும்போது சிக்னல் இல்லாமல் போனால், இன்டர்நெட்டில் வைத்த பைல் திறக்காது. எனவே பைலை மொபைலுக்குள்ளேயே பிடிஎப் ஆக சேவ் செய்துகொண்டு, பேப்பரிலும் ஒன்று எடுத்துவிடுங்கள்.

அப்படியே பிரிண்ட் கொடுத்தால் பாதி வரிசைகள் இரண்டாவது பக்கத்துக்கு ஓடிவிடும். பைல் மெனுவில் பிரிண்ட் சென்று, பக்கத்தை லேண்ட்ஸ்கேப் ஆக மாற்றி, கீழே நோ ஸ்கேலிங் என்று இருப்பதை பிட் ஷீட் ஆன் ஒன் பேஜ் என மாற்றவும். வலது பக்கம் எப்படி வரும் என்று தெரியும். சரியாக இருந்தால் பிரிண்ட் கொடுக்கவும்.

ஒரு பிரதியை நான்காக மடித்து அப்பாவின் சட்டைப் பையில் வைத்தேன். விமானத்தில் இரண்டு முறை எடுத்துப் பார்த்தார். மதியம் சிறைக்குப் போனோம். 1896-ல் தொடங்கி 1906-ல் கட்டி முடித்த அந்த ஏழு கட்டடங்களில் மூன்றுதான் இப்போது மிச்சம் இருக்கின்றன. அவருக்கு இது தெரியும். ஆனாலும் நடுக் கோபுரத்தில் நின்று, இல்லாத நான்கும் எந்தெந்தத் திசையில் இருந்திருக்கும் என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டே ஒரு சுற்று வந்தார். ஒரு கட்டடத்தின் அறைகள் அடுத்த கட்டடத்தின் முதுகைப் பார்த்து இருப்பதால், கைதிக்கு இன்னொரு கைதியின் முகம் தெரியாது என்று மனைவியிடம் பாடம் நடத்தினார். மூடும் நேரமாகிவிட்டதென்று வெளியே வந்தோம்.

10-ஆம் தேதி படகு சரியான நேரத்துக்கு வந்தது. கையிருப்பு நாள் அப்படியே கையில் இருந்தது. மறுநாள் காலை ராஸ் தீவுக்குக் கிளம்பலாமா என்று கேட்டேன். அப்பா பேப்பரை எடுத்து விரித்து, 11-ஆம் தேதி வரிசையில் விரலை வைத்தார். "இது சும்மா இருக்கிற நாள்தானேப்பா? சிறைக்கே இன்னொரு தடவை போகலாம். அன்னிக்கு மாடிக்குப் போகலை."

ஷீட்டில் ராஸ் தீவு என்பதை அழித்துவிட்டு, செல்லுலார் சிறை, மாடி என்று மாற்றி சேவ் செய்தேன்.